ஆக்டோபஸ் வாங்கும் முன்: ஸ்கூபா டைவிங்கில் மாற்று ரெகுலேட்டரைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

புதுச்சேரிக்கு வெளியே 14 மீட்டர் ஆழத்தில், 'எனக்குக் காற்று இல்லை' என்று சைகை காட்டிப் பழகிக்கொண்டிருந்தோம். கூட வந்தவர் கையை நீட்டினார், அவசரத்துக்கென்று நான் தொங்கவிட்டிருந்த மஞ்சள் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் சாமான்) எடுத்து வாயில் வைத்துக் கடித்தார், இரண்டு மூச்சு இழுத்தார். நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன், ஹோஸ் இழுபட்டது, அவ்வளவுதான். மவுத்பீஸ் அவர் பல்லுக்கிடையிலேயே நின்றுவிட்டது, ரெகுலேட்டர் மட்டும் கழன்று என் முட்டிக்குப் பக்கத்தில் ஊசலாடியது. வாடகைக்கு எடுத்த செட். மவுத்பீஸை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஜிப் டை, பெட்டிக்கடையில் ஒயரைக் கட்டுவார்களே அதே சாமான், அதில் இல்லை. பயிற்சி என்பதால் அவருடைய சொந்த ரெகுலேட்டர் கையிலேயே இருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டார். படகில் ஏறிச் சிரித்தோம். நிஜமாகவே காற்று தீர்ந்திருந்தால் அடுத்த மூச்சில் அவர் இழுத்திருப்பது உப்புத்தண்ணீரை என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

அதுவரை ஆக்டோபஸ், அதாவது அந்த மாற்று ரெகுலேட்டர், எனக்கும் பட்டியலில் கடைசிப் பொருள்தான். எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறோம்: முதன்மை ரெகுலேட்டருக்கு மூன்று மாத ஆராய்ச்சி, டைவ் கம்ப்யூட்டருக்கு இரண்டு வாரம், அப்புறம் மீதிக் காசில் 'ஏதாவது ஒரு ஆக்டோ போட்டுடுங்க அண்ணே'. ஆனால் யோசித்துப் பாருங்கள், முதன்மை ரெகுலேட்டரில் மூச்சு விடுவது நிதானமாக மீன் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்கள். ஆக்டோபஸில் மூச்சு விடப் போவது பயந்துபோய் வேகவேகமாக மூச்சு வாங்கும் ஒரு ஆள். அது இன்னொருவராக இருக்கலாம், உங்கள் ரெகுலேட்டர் மக்கர் செய்தால் நீங்களாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஆளை மனதில் வைத்துத்தான். புதுச்சேரி, அந்தமான், நேத்ராணி, திருகோணமலை, மாலத்தீவு மாதிரி வெதுவெதுப்பான கடலில், 30 மீட்டருக்குள், பொழுதுபோக்காக டைவ் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பனிக்கட்டிக்கு அடியிலும் குகைக்குள்ளும் போகிறவர்களின் கணக்கு வேறு.

ஒரு விஷயம் முன்னாடியே. கூட டைவ் வருபவரை 'பட்டி' என்றுதான் டைவ் ஆட்கள் சொல்வார்கள். எழுத்தில் பார்த்தால் ஆட்டுப்பட்டி ஞாபகம் வருகிறது, அதனால் ஜோடி என்றே எழுதுகிறேன்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது

சிலிண்டரில் நிரப்பியதும் 200 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அதை அப்படியே வாயில் வாங்க முடியாது. சிலிண்டர் வாயில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 9 முதல் 10 பார் அதிகம் என்ற அளவுக்கு இறக்குகிறது. இதை இடை அழுத்தம் என்போம். அங்கிருந்து ஹோஸ் வழியாக வாய்க்கு வரும் செகண்ட் ஸ்டேஜ், நாம் இழுக்கும்போது மட்டும் திறந்து, நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கே காற்றைத் தருகிறது. அதே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து இன்னொரு ஹோஸ் போட்டு இன்னொரு செகண்ட் ஸ்டேஜை மாட்டினால் அதுதான் ஆக்டோபஸ். ஹோஸ்கள் எட்டுக்கால் மாதிரி தொங்குவதால் வந்த பெயர்.

இது ஆதியிலிருந்தே இருந்ததல்ல. கூஸ்தோவும் கன்யானும் 1943-இல் அக்வாலங் என்ற மூச்சுக் கருவியைக் கொண்டுவந்து இருபது வருஷம் கழித்தும், காற்று தீர்ந்தால் ஒரே மவுத்பீஸை இரண்டு பேர் மாற்றி மாற்றி வாயில் வைத்துக்கொண்டு மேலே வர வேண்டியதுதான். 1965-66 வாக்கில் பஹாமாஸில் இருந்த யுனெக்ஸோ டைவ் மையத்தில் டேவ் வுட்வர்ட் என்பவர், மூச்சடக்கி ஆழம் போகும் ஜாக் மயோலுக்குக் காவலாக இறங்கும் டைவர்களுக்கு இரண்டாவது செகண்ட் ஸ்டேஜ் மாட்டிவிட்டார். மூச்சடக்கி இறங்கியவன் கீழே தடுமாறினால் உடனே ஒன்றை நீட்ட வேண்டும் அல்லவா, அதற்காக. ஆக, பிறந்ததே அடுத்தவனுக்குக் கொடுப்பதற்காகத்தான்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், படகில் இருந்து கயிறு பிடிக்கிறவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். கூடப்பிறந்தவள் தாலி அறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. ஆக்டோபஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மச்சான் நினைவுதான். நாள் முழுக்க அவனை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் கயிறு ஆடும் அந்த நொடியில் அவன் கண்ணயர்ந்திருக்கக் கூடாது.

படி 1: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போகும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள், அங்கே போய் யோசித்தால் இருப்பில் இருப்பதுதான் உங்களுக்கு ஏற்றதாகிவிடும்.

முதல் வகை, எல்லாரும் பார்த்திருக்கும் மஞ்சள் ஆக்டோபஸ். சுமார் 90 முதல் 100 சென்டிமீட்டர் மஞ்சள் ஹோஸ், நெஞ்சுப் பக்கம் ஒரு பிடிப்பானில் தொங்கும். ஆபத்து என்றால் மஞ்சளை எடு என்று எல்லா அடிப்படைப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுப்பதால், முன்பின் தெரியாத ஆளோடு டைவ் போகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம்: யாருக்கும் தனியாக விளக்க வேண்டாம்.

இரண்டாவது, பி.சி.டி. (மிதப்பைக் கூட்டிக் குறைக்கக் காற்றடைக்கும் மேல்சட்டை) ஊதும் இன்ஃப்ளேட்டரோடு சேர்ந்தே வரும் ரெகுலேட்டர். ஸ்கூபாப்ரோவின் ஏர் 2 இதில் பிரபலம். ஒரு ஹோஸ் மிச்சம், விமானத்தில் எடை மிச்சம், தொங்கும் சாமான் எதுவும் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் ஜோடிக்கு நீங்கள் வாயில் இருப்பதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நீங்கள் இன்ஃப்ளேட்டரைக் கடித்துக்கொள்ள வேண்டும். குட்டைக் குழாயின் நுனியில் தலையைச் சாய்த்தபடி மூச்சு விட்டுக்கொண்டே, மேலே வரும்போது அதே கையால், அதே சாமானைத் தூக்கிக் காற்றையும் வெளியேற்ற வேண்டும். பழகினால் முடியும், பழகாமல் முடியாது. இன்னொரு சிக்கல் பலர் யோசிப்பதில்லை: இன்ஃப்ளேட்டர் பட்டன் சிக்கிக்கொண்டு பி.சி.டி. தானாக ஊத ஆரம்பித்தால் முதலில் செய்வது அதன் ஹோஸைக் கழற்றுவதுதான். இதில் கழற்றினால் உங்கள் மாற்று ரெகுலேட்டரும் போச்சு. மேலும், ஏர் 2-வின் ஹோஸ் இணைப்பு வழக்கமான இன்ஃப்ளேட்டர் ஹோஸுக்குப் பொருந்தாது, அந்தமானில் ஒரு தீவில் ஹோஸ் பழுதானால் பக்கத்துக் கடையில் கடன் வாங்க முடியாது. எனக்கு இது பிடிக்காது, ஆனால் இருபது வருஷமாக இதை மட்டுமே போட்டுப் பழகிய டைவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் போய் வாதாட மாட்டேன்.

மூன்றாவது, கழுத்து மாலை. குகை டைவர்களிடமிருந்து வந்த பழக்கம். வாயில் இருக்கும் ரெகுலேட்டரை நீண்ட ஹோஸில் போட்டு அதையே ஜோடிக்குக் கொடுப்பது, உங்களுக்கான மாற்று 60 சென்டிமீட்டர் குட்டை ஹோஸில், ரப்பர் கயிற்று வளையத்தில், தாடைக்குக் கீழேயே தொங்கும். குகையில் ஒற்றை வரிசையாக வெளியேற வேண்டியிருப்பதால் அங்கே 2 மீட்டருக்கு மேல் ஹோஸ். நமக்கு அவ்வளவு வேண்டாம், 1 மீட்டர் ஹோஸை வலது கைக்கு அடியில் விட்டு, வாய்ப் பக்கம் ஒரு வளைவு இணைப்பு போட்டால் போதும். இதன் அழகு எளிமையானது: பயந்தவன் எப்படியும் உங்கள் வாயில் இருப்பதைத்தான் பிடுங்க வருவான், ஏனென்றால் அது வேலை செய்கிறது என்று அவனுக்குக் கண்ணெதிரே தெரிகிறது. கொடுத்த மறுநொடி நீங்கள் தலையைக் குனிந்தால் உங்கள் மாற்று அங்கே இருக்கும், தேட வேண்டாம், மணலிலும் இழுபடாது. அந்த மவுத்பீஸ் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வருஷத்தில் நான் இதற்குத்தான் மாறினேன். ஒரே குறை, டைவுக்கு முன்னால் ஜோடியிடம் 'மஞ்சளைத் தேடாதீங்க, என் வாயிலிருந்து நானே தருவேன்' என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக் காட்ட வேண்டும்.

நான்காவது, தனிச் சிலிண்டர். மேலே சொன்ன மூன்றும் ஒரே சிலிண்டரை, ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜை நம்புகின்றன. அது போனால் மூன்றும் போச்சு. போனி எனப்படும் குட்டிச் சிலிண்டர் தன் சொந்த ரெகுலேட்டரோடு வருவதால் அந்தச் சிக்கல் இல்லை. பதற்றத்தில், தண்ணீருக்கு மேலே அளந்தால் நிமிஷத்துக்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு என்பதால் ஒரு நிமிஷம் நிலைமையைச் சமாளிக்க 120 லிட்டர், நிமிஷத்துக்கு 9 மீட்டராக ஏற 250 லிட்டர், பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க 135 லிட்டர், மொத்தம் 500 லிட்டர் சொச்சம். 3 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் 600. சரியாக இருக்கிறது. ஆனால் சட்டைப்பை அளவில், ஊதுகுழல் மாதிரி விற்கும் ஸ்பேர் ஏர் வகையில் 3 கன அடி மாடலில்கூட 85 லிட்டர்தான். அதே கணக்கில் 30 மீட்டரில் முக்கால் நிமிஷம்கூட வராது. 10 மீட்டரில் பரவாயில்லை, ஆழத்துக்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

இனிமேல் சொல்வதெல்லாம் முதல் வகைக்கும் மூன்றாவது வகைக்கும்.

படி 2: உங்கள் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் இரண்டு பேரைத் தாங்குமா?

ஆக்டோபஸ் வாங்கப் போகிறவர்கள் தாண்டிப் போய்விடும் இடம் இதுதான். இரண்டு வாய்க்கும் காற்று போவது ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து. பேலன்ஸ் செய்யாத பிஸ்டன் வகை ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் (மலிவு, உறுதி, வாடகைக் கடைகளுக்குச் செல்லம்) சிலிண்டர் அழுத்தம் குறையக் குறைய இடை அழுத்தமும் இறங்கும். ஒருவர் நிதானமாக மூச்சு விடும்போது இது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆக்டோபஸ் எப்போது தேவைப்படும்? டைவின் கடைசியில். அவருக்குக் காற்று தீர்ந்த நேரத்தில் கூடவே நீந்திய உங்களிடமும் 70, 80 பார்தான் இருக்கும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் தன் மோசமான நிலையில் இருக்கும்போதுதான் இரட்டைச் சுமை வருகிறது. அதனால் 18 மீட்டருக்குக் கீழே வழக்கமாகப் போகிறவர் என்றால், பேலன்ஸ் செய்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், பிஸ்டனோ டயஃப்ரமோ எதுவானாலும், வாங்குங்கள். ஆக்டோபஸில் ஐயாயிரம் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

ஐரோப்பியத் தரமான ஈ.என். 250-இன் 2014 பதிப்பில் இதற்கென்றே ஒரு எழுத்து இருக்கிறது. பெட்டியில் அல்லது ரெகுலேட்டர் உடம்பில் 250 என்ற எண்ணுக்குப் பின்னால் 'ஏ' இருந்தால், ஆக்டோபஸோடு சேர்த்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விடுவதற்கும், 30 மீட்டர் வரைக்கும், சோதித்திருக்கிறார்கள். பக்கத்தில் '10 டிகிரிக்கு மேல்' என்று குறி இருந்தால் அது குளிர்நீருக்கு இல்லை என்று அர்த்தம். வங்காள விரிகுடாவில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பனி உறையாத மூடிய வகைக்கு நம் கடலில் கூடுதல் காசு தேவையில்லை, மணலும் உப்பும் உள்ளே போகாது என்ற ஒரு லாபம் மட்டும் உண்டு.

கம்பெனி கலக்கலாமா? பொதுவாகக் கலக்கலாம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இந்த ஹோஸ்களை மாட்டும் குறைந்த அழுத்த ஓட்டைகள் பெரும்பாலும் ஒரே அளவுதான், எட்டில் மூன்று அங்குலம். சில ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்களில் ஒரு ஓட்டை மட்டும் அரை அங்குலம் இருக்கும், அதற்கு அடாப்டர் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் மாட்டினால் பொருந்துகிறது என்பதும் சேர்ந்து வேலை செய்கிறது என்பதும் ஒன்றல்ல. டெக்னீஷியன் இடை அழுத்தத்தை அளந்து, ஆக்டோபஸை அதற்கேற்பச் சரிசெய்து கொடுக்க வேண்டும். இணையத்தில் தனியாக வாங்கி நீங்களே முறுக்கி மாட்டிக்கொண்டு போனால் இந்த ஒரு வேலை விட்டுப்போகிறது. அப்புறம் போசைடனின் சைக்ளான், ஜெட்ஸ்ட்ரீம் மாதிரிச் சில மாடல்கள் வித்தியாசமானவை. சாதாரண செகண்ட் ஸ்டேஜில், இடை அழுத்தம் எகிறினால் வால்வு தானாகத் திறந்து காற்றை வெளியே விட்டுவிடும், அதுவே பாதுகாப்பு. இவை அப்படித் திறக்காது, தனியாக ரிலீஃப் வால்வு வேண்டும். அந்தக் கம்பெனி சாமானை அந்தக் கம்பெனி செட்டோடே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: செகண்ட் ஸ்டேஜைத் தேர்ந்தெடுப்பது

விற்பவர் முதலில் சொல்லும் வார்த்தை 'பேலன்ஸ்டு'. ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் அது முக்கியம் என்றேன், செகண்ட் ஸ்டேஜில் அவ்வளவு இல்லை. ஸ்கூபாப்ரோ ஆர்195 மாதிரி பேலன்ஸ் செய்யாத எளிமையான செகண்ட் ஸ்டேஜ்கள், உதிரிப் பாகம் குறைவு, கெடுவதற்கு இடம் குறைவு, ஆக்டோபஸாக நன்றாகவே போதும். கழுத்து மாலைக்கும் நான் இந்த மாதிரி ஒன்றைத்தான் போட்டிருக்கிறேன்.

கவனிக்க வேண்டியது திறக்கும் விசை, அதாவது எவ்வளவு உறிஞ்சினால் வால்வு திறக்கிறது என்பது. நீர்மட்ட அங்குலத்தில் சொல்வார்கள். முதன்மை ரெகுலேட்டர் 1 முதல் 1.4 அங்குலம் வரை இருக்கும். ஆக்டோபஸை வேண்டுமென்றே கொஞ்சம் கடினமாக, 1.5 முதல் 2 அங்குலத்துக்கு வைப்பார்கள். காரணம், தொங்கிக்கொண்டிருக்கும் ரெகுலேட்டர் ரொம்ப லேசாகத் திறந்தால் படகிலிருந்து குதிக்கும்போதும் நீரோட்டத்திலும் தானாகவே பீறிட்டுக் காற்று வீணாகும். ஆனால் 'கொஞ்சம் கடினம்' என்பதைச் சில கடைகளில் 'இனி தொந்தரவே வரக் கூடாது' என்ற அளவுக்குத் திருகிவிடுகிறார்கள். வாடகை செட்களில் ஆக்டோபஸை வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள், சிலதில் ஸ்ட்ரா வழியாக ரோஸ்மில்க் அடியை உறிஞ்சுவது மாதிரி இருக்கும். மூச்சு வாங்கும் ஆளுக்கு அது காற்றே வராதது போலத்தான் தோன்றும், துப்பிவிட்டு மேலே பாய்வார்.

பீறிடுவதைத் தடுக்க நல்ல வழி அதுவல்ல, பக்கத்தில் இருக்கும் வென்சுரி லீவர். 'ப்ரீ-டைவ்' பக்கம் வைத்தால் பீறிடாது, கொடுக்கும்போது 'டைவ்' பக்கம் தள்ளினால் முழுசாக வரும்; மறந்து தள்ளாமல் கொடுத்தாலும் மூச்சு விட முடியும். மூச்சு விசையைத் திருகும் குமிழ் ஆக்டோபஸுக்குத் தேவையில்லை என்பது என் கட்சி. யாராவது விளையாட்டாக முழுக்க இறுக்கித் திருகிவைத்தது தெரியாமலே ஆறு மாதம் சுற்றுவீர்கள்.

அடுத்தது தலைகீழ் பிரச்சினை. சாதாரண செகண்ட் ஸ்டேஜில் மூச்சை வெளிவிடும் வால்வு கீழே இருக்கும், உள்ளே வந்த தண்ணீரும் அதன் வழியே வடியும். பதற்றத்தில் அதைத் தலைகீழாக வாயில் வைத்தால் வால்வு மேலே போய்விடும், தண்ணீர் உள்ளேயே தேங்கி ஒவ்வொரு மூச்சிலும் தொண்டைக்கு வரும். உங்கள் வலப்பக்கத்திலிருந்து வரும் ஹோஸை எதிரே இருப்பவர் வாங்கும்போது, ஹோஸ் எந்தப் பக்கம் வளைகிறது என்பதைப் பொறுத்து இது சுலபமாக நடந்துவிடும். அதனால்தான் மேல், கீழ் இல்லாத வகைகள் வந்தன: ஏபெக்ஸின் எக்ரெஸ் எந்தப் பக்கமாக வைத்தாலும் வேலை செய்யும்படி ஆக்டோபஸுக்கென்றே செய்தது. முதன்முறை டைவர்களைக் கூட்டிப்போகிறவர் என்றால் இந்த மாதிரி வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு நியாயமானது. சாதாரண வகைதான் என்றால், கொடுக்கும்போது மவுத்பீஸ் அவர் பக்கம், பர்ஜ் பட்டன் (அழுத்தினால் காற்றைப் பீய்ச்சி உள்ளிருக்கும் தண்ணீரைத் தள்ளும் முன்பக்கப் பட்டன்) உங்கள் உள்ளங்கையில், சரியான பக்கம் மேலே, இதைக் கை தானாகச் செய்யும் வரை பழகுங்கள்.

பர்ஜ் பட்டன் பெரிதாக, நடுவில், எங்கே அழுத்தினாலும் வேலை செய்வதாக இருக்கட்டும். மவுத்பீஸ் சாதாரண அளவில் போதும். உங்கள் பல்லுக்கு அச்செடுத்துச் செய்த மவுத்பீஸை முதன்மையில் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்தவர் வாய்க்குப் போகப்போவதில் வேண்டாம்.

படி 4: ஹோஸ், நிறம், பிடிப்பான்

நிறம் மஞ்சள், வேறு பேச்சில்லை. சிவப்பு பத்து மீட்டருக்குள்ளேயே கருத்துப்போகும், மஞ்சள் கண்ணில் படும். மழைக்குப் பிறகு புதுச்சேரியில் தண்ணீர் கலங்கியிருக்கும் நாளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மூடி மட்டும் மஞ்சளாக இருப்பதைவிட ஹோஸும் மஞ்சளாக இருந்தால் ஜோடி அதைப் பிடித்தே ரெகுலேட்டரைக் கண்டுபிடிப்பார்.

நீளம் 1 மீட்டர் என்று கேளுங்கள் (கழுத்து மாலை என்றால் இது ஜோடிக்குக் கொடுக்கும் ஹோஸுக்கு, உங்கள் மாற்றுக்கு மேலே சொன்ன 60 சென்டிமீட்டர்). முதன்மைக்கு வரும் 75 சென்டிமீட்டர் ஹோஸையே ஆக்டோபஸுக்கும் மாட்டித் தரும் கடை உண்டு, அதை வாங்கினால் ஜோடியும் நீங்களும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு மேலே வர வேண்டியிருக்கும்.

பின்னல் போட்ட மென்மையான ஹோஸா, பழைய ரப்பர் ஹோஸா? பின்னல் ஹோஸ் லேசானது, வளைந்து கொடுக்கும், நானும் வைத்திருந்தேன். ஆனால் பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் உள்குழாய் கொண்ட சில பழைய ஹோஸ்களில், வெப்பமும் ஈரமும் சேர்ந்து உள்ளே படிகம் மாதிரிப் படிந்து காற்று வழியையே அடைத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வெளியே ஒன்றுமே தெரியாது. வெப்பமும் ஈரமும் என்றால் நம் ஊர்தான், அதுவும் கார் டிக்கியில் கிடக்கும் பை. செகண்ட் ஹேண்டில் பின்னல் ஹோஸ் வந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுங்கள். எந்த ஹோஸையும் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

பிடிப்பானுக்கு ஒரே சட்டம்: ஒற்றை இழுப்பில் வர வேண்டும், இழுக்காமல் வரக் கூடாது. தாடைக்கும் விலா எலும்பின் இரு முனைகளுக்கும் நடுவே வரும் முக்கோணத்தில் மாட்டுங்கள், அங்கேதான் ஜோடியின் கண் முதலில் போகும். பி.சி.டி. பாக்கெட்டுக்குள் சொருகுவது, முதுகுப் பக்கம் தொங்கவிடுவது இரண்டும் கெட்ட பழக்கம். தொங்கும் ஆக்டோபஸ் பவளத்தையும் உடைக்கும், உள்ளே மணலையும் அள்ளும். வெளிமூச்சு வால்வில் ஒரே ஒரு மணல் பருக்கை உட்கார்ந்தால் ஒவ்வொரு மூச்சும் ஈரம்தான்.

படி 5: காசு கொடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள்

முதலில் சிலிண்டரில் மாட்டாமலே, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியைப் போட்டபடி, மவுத்பீஸை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும், உறிஞ்சிப் பிடித்தபடி வைத்திருந்தால் அப்படியே நிற்க வேண்டும். காற்று கசிந்து வந்தால் டயஃப்ரமோ (செகண்ட் ஸ்டேஜுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு) வெளிமூச்சு வால்வோ மவுத்பீஸோ எங்கோ ஓட்டை.

பிறகு சிலிண்டரில் மாட்டி, கடையில் சாமான் கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. மவுத்பீஸ் வானம் பார்க்க, பர்ஜ் பட்டன் தரை பார்க்கப் பிடித்து, நிதானமாகத் தண்ணீருக்குள் இறக்குங்கள், மவுத்பீஸுக்குள் தண்ணீர் போக விடாமல். ஒரு இடத்தில் 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்கும். அந்த நொடியில் உள்ளே இருக்கும் டயஃப்ரம் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அதுதான் திறக்கும் விசை, கண்ணாலேயே பார்க்கலாம். 4 முதல் 5 சென்டிமீட்டர் என்றால் ஆக்டோபஸுக்கு நல்லது. கட்டைவிரல் நீளத்துக்குப் போயும் சத்தமில்லை என்றால் திரும்பச் சரிசெய்யச் சொல்லுங்கள். வென்சுரி லீவரை 'ப்ரீ-டைவ்' பக்கம் வைத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பீறிட்டு முகத்தில் தண்ணீர் அடிக்கும். எனக்கு அடித்திருக்கிறது.

கடைசியாக, 50 பார் மிச்சமிருக்கும் சிலிண்டர் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள் (எந்தக் கடையிலும் மத்தியானத்துக்குப் பிறகு நாலைந்து கிடக்கும்). நீங்கள் முதன்மையிலும் நண்பர் ஆக்டோபஸிலும், ஓடி வந்தவர்கள் மாதிரி ஒரே நேரத்தில் வேகவேகமாக இழுங்கள். அழுத்த மானியின் முள் ஒவ்வொரு மூச்சுக்கும் தலையாட்டினால் சிலிண்டர் வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், திறந்திருந்தும் ஆட்டினால் உள்ளே எங்கோ அடைப்பு. மூச்சு கனமானால் படி 2-ஐத் திரும்பப் படியுங்கள். மேலே தரையிலேயே திணறுவது 20 மீட்டரில் இன்னும் திணறும், அங்கே காற்று மூன்று மடங்கு அடர்த்தி.

படி 6: எத்தனை பாரில் திரும்புவது

இது வாங்கும் விஷயம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காற்றில்லாத சிலிண்டரில் எந்த ஆக்டோபஸும் வேலை செய்யாது. நம் பக்கம் அதிகம் கிடைப்பது 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர். 18 மீட்டரில் இருக்கிறீர்கள், இரண்டு பேரும் பதற்றத்தில், ஆளுக்கு 30 லிட்டர், மொத்தம் 60. கீழே ஒரு நிமிஷம் நிதானப்பட 168 லிட்டர், இரண்டு நிமிஷத்தில் ஏற 228, 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க 270. கூட்டினால் 666 லிட்டர், 11.1-ஆல் வகுத்தால் 60 பார். 'படகில் ஏறும்போது 50 பார் இருந்தால் போதும்' என்று எல்லாப் படகிலும் சொல்வார்கள். இந்தக் கணக்குப்படி கீழே இருக்கும்போதே உங்களிடம் 60-க்குக் குறையாமல் இருந்தால்தான் உங்கள் ஆக்டோபஸுக்கு அர்த்தம். 30 மீட்டருக்கு நீங்களே போட்டுப் பாருங்கள், எண் சங்கடப்படுத்தும்.

வாங்கிய பிறகு

சர்வீஸ் வருஷத்துக்கு ஒருமுறையோ கம்பெனி சொல்லும் இடைவெளியிலோ செய்யுங்கள், ஆக்டோபஸையும் சேர்த்து. 'அதை யூஸே பண்ணலையே' என்று விடுவது வழக்கம். உபயோகிக்காமலே உப்புக் காய்ந்து, ரப்பர் இருக்கை அழுந்தித் தடம் விழுந்து கெட்டுப்போவது அதுதான். உங்கள் ஊரில் சர்வீஸ் செய்பவர் எந்தக் கம்பெனிக்கு உதிரிப் பாகம் வைத்திருக்கிறார் என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இல்லாத பிராண்டை வாங்கினால் ஒவ்வொரு வருஷமும் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கழுவும்போது பர்ஜ் பட்டனை அழுத்தாதீர்கள், அழுத்தினால் தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போய்விடும்.

ஒவ்வொரு டைவிலும், இறங்கி 5 மீட்டரில், ஆக்டோபஸுக்கு மாறி நாலு மூச்சு விட்டுப் பாருங்கள். படகில் விட்டுப்பார்ப்பது போதாது, ஈரக்கசிவு தண்ணீரில்தான் தெரியும். மாதம் ஒருமுறை ஜோடியோடு கொடுக்கல் வாங்கல் பழகுங்கள், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு.

ஏறும் முன் கையில் எடுத்து மவுத்பீஸை நன்றாக ஒரு இழு இழுத்துப் பாருங்கள். ஜிப் டை இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா, அதன் பூட்டு உதட்டுப் பக்கம் இல்லாமல் ஓரமாக இருக்கிறதா? பைக்குள் நாலு உதிரி ஜிப் டை போட்டு வையுங்கள், வாடகை செட் என்றால் கேட்காமலே நீங்களே மாட்டிவிடலாம். வாலை நெயில்கட்டரால் ஒட்ட வெட்டுங்கள், கத்திரியால் வெட்டினால் மிச்சம் நிற்கும் கூர் அடுத்தவர் உதட்டைக் கிழித்துவிடும்.